மூன்றாம் பகுதி என்னுடையது

போன வாரம் உன் தம்பி சாந்தோமிலிருந்து வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனான். "அக்காவோட பேப்பருங்கலாம் இதுல கீது. எங்களுக்கு ஒண்ணும் புரியல, தூக்கிப் போடவும் மனசு வரல" என்றான். பையைத் திறந்ததும் தைல வாசனை. யோசிக்கும்போதெல்லாம் நெற்றியில் தேய்த்துக்கொள்வாயே, அந்தத் தைலம். நீ போய் ஒரு வருடமாகியும் அந்தக் காகிதங்களை அது விடவில்லை. பையை மூடிவைத்துவிட்டு அடுக்களையில் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருடம் சேர்ந்து ஆராய்ச்சி செய்தோம். நீ இயற்பியல், நான் கணிதம். சனிக்கிழமை காலையில் அடையாறில் என் ஆராய்ச்சி நிலைய அறைக்கு வருவாய். நீ பச்சை மையில் எழுதுவாய், நான் கறுப்பில் திருத்துவேன். எண்களைக் கூட்டிவிட்டு எல்லைக்கு, அதாவது முடிவில் அவை நெருங்கும் மதிப்புக்கு, போவதும், எல்லைக்குப் போய்விட்டுக் கூட்டுவதும் எப்போதும் ஒரே விடை தராது. வரிசையை மாற்றக் காரணம் காட்ட வேண்டும். உனக்கு அந்தப் பொறுமை கிடையவே கிடையாது. நீ மாற்றிய இடங்களிலெல்லாம் ஓரத்தில் "காரணம்?" என்று எழுதுவேன்.

"வாட்ச்மேன் வந்துட்டாங்கபா! ஒலகம் பாட்டுக்கு நடந்துகினு கீது. நீ இன்னாத்துக்கு அதுகிட்ட கையெழுத்து கேக்குற?" என்று சிரிப்பாய். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. உன் விடை முக்கால்வாசி நேரம் சரியாக இருந்துதொலைக்கும், அதனால் கோபம் இன்னும் ஏறும்.

அலைகளைப் பற்றிய நம் கடைசிக் கட்டுரையில் மூன்றாம் பகுதியை நான் தனியாக எழுதினேன். கணக்கில் மிஞ்சும் ஒரு சிறு அலை, எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே அதன் மொத்த ஆற்றலும் பூச்சியமாகிறது என்று முடித்திருந்தேன். அச்சுக்குப் போகுமுன் நீ போன் செய்தாய்.

"ஏமே, நாம நிக்கிற எடத்துல அலையக் காணோம், சரி. அப்போ அது எங்க போச்சு? தள்ளித் தள்ளிப் போய்க்கினே இருந்தா?"

"அதெல்லாம் பார்த்தாச்சு. காரணம் கேட்கிற வேலை என்னுது. நீ தலைவலின்னியே, தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுப் படு" என்றேன்.

அந்தத் தலைவலி தைலத்தில் தீருகிற தலைவலி இல்லையென்று அடுத்த மாதம் ஸ்கேனில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட நீ இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எதையெதையோ பேசினோம். அந்தக் கேள்வியை மட்டும் நீ மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு கருத்தரங்கில் ஒரு பெண் எழுந்து, மூன்றாம் பகுதியில் ஓட்டை இருக்கிறது என்றாள். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், "அவங்க பிசிக்ஸ்காரங்க இல்லையா, கொஞ்சம் அவசரம். பாவம், போயிட்டாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். காலமெல்லாம் பிறரிடம் காரணம் கேட்ட எனக்கு, தப்பு என்னுடையது என்று சொல்ல நா எழவில்லை. அதை உன் தலையில் கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினேன். குளத்தருகே நெரிசலில் நின்றபோது ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாமா, அழுவுறியா?" என்றார். தூசி என்றேன்.

போன வாரம் உன் தம்பி கொடுத்த பையை, அவன் வந்துபோன மறுநாள் காலையில்தான் முழுசாகப் பார்த்தேன். நம் கட்டுரையின் அச்சுப்பிரதி அதில் இருந்தது. மூன்றாம் பகுதியில், என்னுடைய "ஆகவே"க்குப் பக்கத்தில், பச்சை மையில் "காரணம்?" என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு சின்ன மேட்டை வரைந்து, அதையே இன்னும் வலப்புறம், இன்னும் வலப்புறம் என்று தாளின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போயிருந்தாய். மேடு கொஞ்சமும் குறையவில்லை; அலை அடங்கவில்லை, இடம்தான் மாறிப் போயிருக்கிறது. கோடுகள் நடுங்கியிருந்தன; ஆஸ்பத்திரியில் வரைந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்கிறது உனக்கு. தெரிந்தும் என் மனம் நோகக் கூடாதென்று சும்மா இருந்திருக்கிறாய். அடிப் பாவி, ஒரு கத்து கத்தியிருக்கலாமே என்மேல்! வாங்கிக்கொண்டிருப்பேனே!

நேற்று ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்த பிறகு தேற்றம் நிற்கிறது, முன்னைவிடச் சிறியதாக. முதல் வரியில் இப்படி எழுதினேன்: "மூன்றாம் பகுதியை எழுதியவள் நான். அதிலுள்ள பிழையைப் பற்றி அச்சுக்கு முன்பே என் இணை ஆசிரியர் கேட்டார். நான் காது கொடுக்கவில்லை." அந்தப் பேராசிரியருக்கும் ஒரு பிரதி போயிற்று.

இப்போதெல்லாம் கணக்கில் எது பூச்சியமானாலும் உன் கேள்விதான் முதலில் வாயில் வருகிறது: அப்போ அது எங்க போச்சு? சனிக்கிழமை காலையில் உன் நாற்காலியைப் பார்த்தும் அதையே கேட்டுவிடுகிறேன். வாசலில் உன் வாட்ச்மேனாக நிற்கிறேன். கேட்காமல் உள்ளே நுழைய ஆள்தான் இல்லை.