நாற்காலியின் சிக்னிஃபிகன்ஸ்

ஆனி 15, ஞாயிறு. இலஞ்சி.

இந்த நோட்டின் மேல் சத்தியம், இந்தக் கதையை எவனும் நம்பப்போவதில்லை. இன்று என் வாய் செய்த அசிங்கத்தைக் கழுவ ஐந்தருவித் தண்ணீர் முழுவதும் போதாது.

அண்ணன் மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். போன வருஷம் இறந்த அண்ணனின் நாற்காலியில் அவன் துண்டை மடித்துப் போட்டு, சபையில் முதலாவதாக வைத்திருந்தோம்.

சென்னைச் சம்பந்தி அதைப் பார்த்து, "இதோட சிக்னிஃபிகன்ஸ் என்னங்க?" என்றார்.

எனக்குத் தெரிந்தவரை சிக்னிஃபிகன்ஸ் என்றால் பெருமை மட்டும்தான். விடுவேனா?

"பண்பொழி மலைத் தேக்கு, சம்பந்தி! பதினெட்டு யானை இழுத்துட்டு வந்துச்சு. மூணு ராஜா உக்காந்திருக்காக."

"சரிங்க, இப்ப ஏன் காலியா இருக்கு?"

"நாலாவது ராஜா வந்துட்டே இருக்காரு!"

சபை சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

"என்ன சித்தப்பா சொல்லுதிய?" என்றவள் சம்பந்தியிடம் திரும்பினாள். "அது எங்க அப்பாவுக்குப் போட்டது, மாமா. அவுகளும் இங்கன இருக்காகன்னு அர்த்தம்."

சம்பந்தி எழுந்து நாற்காலியைக் கும்பிட்டார். பிறகுதான் தட்டு மாற்றினார்.

தூ! மனுஷன் கேட்டது அர்த்தத்தை, நான் கொடுத்தது யானையை. அண்ணன் பேரை எடுத்தால் சபையில் அழுதுவிடுவேனோ என்று... அது வேறு. செல்வி இன்னும் என்னோடு பேசவில்லை.

யானை பொய். தேக்கும் பொய், அது வெறும் வேம்பு. மூன்று ராஜாக்களில் ஒருவன் மட்டும் நிஜம்.