உன் வண்டியில் நான் வேலைக்குப் போன கதை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வயதுக்கு ஏற்ற வலிகளோடு சௌக்கியம். நீயும் அங்கே குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அவள் முன்னால் சொல்ல முடியாத விஷயம் இது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. உன் வண்டியை இனிமேல் என்னால் ஓட்ட முடியாது பாப்பா. நிறுத்தவும் முடியவில்லை. நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

நம் பக்கம் வந்த முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேறு வழி இல்லாமல்தான் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்த உன் பெரிய பைக்கை எடுத்தேன். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய், நான் வாரம் ஆறு நாள் ஓட்டுகிறேன், எட்டு மாதம் ஆகிறது. பதினாறு வருஷத்து வண்டி, ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் போவதற்கென்று செய்தது, அதை நான் பதினெட்டு கிலோமீட்டருக்குள் பதினான்கு சிக்னலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அதற்கும் கோபம் வராதா? நாலாவது சிக்னலிலேயே இஞ்சின் விசிறி சுற்ற ஆரம்பித்து, அடுப்பை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி அனல் முழங்காலில் அடிக்கிறது. ஆறு கியர் என்றாய், ஆறாவது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, நாலுக்கு மேல் போக யார் விட்டார்கள்? இரண்டு பக்கமும் நீ மாட்டிய பெட்டிகளின் அகலத்தை மறந்து முதல் வாரம் இரண்டு கார்களுக்கு நடுவில் நுழைந்து மாட்டிக்கொண்டேன், முன்னாலும் போக முடியவில்லை பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் நின்றவன், பெரியவரே கப்பலை எல்லாம் எதுக்கு ரோட்டுக்குக் கொண்டு வர்றீங்க என்று கத்தினான். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், இடது பெட்டியில் சாப்பாட்டு டப்பா, வலது பெட்டியில் மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் என்று ஒரு அலமாரியே கூட வருகிறது. முதல் நாள் ஆஸ்பத்திரி வாசல் காவலாளி யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்து விறைப்பாக சல்யூட் அடித்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், அட சலவை சாரா என்று கையை இறக்கிவிட்டார்.

கிளட்ச்தான் ஆளைக் கொல்கிறது. இடது கை விரல்கள் மரத்துப்போய்விடுகின்றன, காலையில் சட்டைப் பொத்தானைப் போடவே பத்து நிமிஷம். எலும்பு டாக்டரிடம் காட்டினேன், வண்டியை விடுங்க, இல்லேன்னா அந்தக் கையை மறந்துடுங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் ஊழியர்களை ஏற்ற ஆஸ்பத்திரி வேன் நம் பெரிய ரோடு வரைக்கும் வர ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அப்புறமும் ஏன் இந்த யானையைக் கட்டி மேய்க்கிறேன் என்றால், அம்மாவுக்காகத்தான். முதல் நாள் சாயந்திரம் அந்தச் சத்தத்தோடு நான் தெருமுனை திரும்பியதும் அம்மா ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் கேட்டுக்கு ஓடி வந்தாள். ஹெல்மெட்டுக்குள் என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காலையில் நான்தான் எடுத்துக்கொண்டு போனேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் பெற்ற மனசு, நீ வந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் கேட்டில் வந்து நிற்கிறாள். நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது, கேட்டால் அடுத்த வருஷம் என்கிறாய். அந்தச் சத்தத்தையும் நான் நிறுத்திவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. மூன்றாவது வாரம் ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன், அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், கேட் சாத்தியிருந்தது. நம் தெரு சரிவாயிற்றே, கீழே பார்த்து நிற்கிற வண்டியில் ஸ்டாண்டைப் போட்டால் உருண்டுவிடும், பிரேக்கை விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு எட்டித் தாழ்ப்பாளைத் தள்ளப் பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நான் நிஜமாகவே விட்டேன், அந்தப் பக்கம் பள்ளம். இருநூற்றைம்பது கிலோவும் அவசரமே இல்லாமல் சாய்ந்து படுத்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்து, அளவு கொடுக்க வந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தூக்கி நிறுத்தினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, ஒரு இண்டிகேட்டர் உடைந்ததோடு சரி. அம்மாவிடம், நிறுத்தி வைத்த இடத்தில் வேன் இடித்துவிட்டது என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

மேலே இருப்பதெல்லாம் போன வாரம் எழுதியது. கடிதத்தை வலது பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று மழைக்கோட்டை உலர்த்தப் போன அம்மா கையில் அது கிடைத்துவிட்டது. நான் கால் கழுவிவிட்டு வருவதற்குள் முழுசாகப் படித்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கத் தெரியுதே தவிர உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியலை என்றாள். நான் விழுந்ததை மாடியிலிருந்து பார்த்தாளாம், இறங்கி ஓடி வருவதற்குள் வண்டியைத் தூக்கிவிட்டார்களாம், உங்க மானம் போகுமேன்னு நானும் வேன் கதையைக் கேட்டுக்கிட்டேன் என்றாள். அன்றிலிருந்து சாயந்திரம் நாலு மணிக்கு மேல் மாடிப் பக்கமே போனதில்லையாம். நீங்க மறுபடியும் தாழ்ப்பாளை எட்டப் போய் விழக் கூடாதேன்னுதான் வந்து நிக்கிறேன், இவரு என்னடான்னா என்றாள். அப்படியானால் முதல் நாள் ஏன் ஓடி வந்தாய், பாப்பா வண்டிச் சத்தம் கேட்டுத்தானே என்று கேட்டேன். அவ வண்டிச் சத்தம் இந்த வாசலுக்கு எப்போ வந்துச்சு என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தெருவுக்குள்ளே சத்தம் போட்டுக்கிட்டு வராதேன்னு நீங்கதானே அவளைத் திட்டினீங்க, அன்னைக்கிலிருந்து அவ முனையிலேயே இஞ்சினை அணைச்சிட்டுச் சரிவுல சும்மா உருண்டு வருவா, கேட் வரைக்கும் சத்தத்தோட வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான் என்றாள். காலையில் அந்த ராட்சசன் மேல் ஏறி நான் போனதிலிருந்து அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லையாம். முழுசா வந்துட்டீங்கன்னு பார்த்ததும் அழுகை வந்துடுச்சு, தெருவுல நின்னு அழ வேண்டாமேன்னு உள்ளே போனேன் என்றாள். திட்டியது எனக்கு மறந்தே போய்விட்டது பாப்பா.

அம்மா எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்க மனசு கஷ்டப்படுமேன்னு நீ அந்த வண்டியை வச்சிருக்க வேண்டாம், வேணும்னா வந்து எடுத்துக்கோ, வேண்டாம்னா யாருக்காவது கொடுக்கச் சொல்லிடு, அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதே. எனக்கும் அதேதான். எனக்கு அலுத்துவிட்டது பாப்பா, உடம்புக்கு மட்டும் இல்லை.

நாளையிலிருந்து வேனில் போகிறேன், நடந்து வருகிறவனுக்குக் கேட்டைத் திறக்க ஆள் எதற்கு, நீ உன் வேலையைப் பார் என்று நேற்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயந்திரம் வேனிலிருந்து இறங்கி, டப்பாவை வலது கையில் தூக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பினேன். கேட் திறந்திருந்தது, அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். சாவி சமையலறை ஆணியில் இருக்கிறது, உடைந்த இண்டிகேட்டரை மாற்றிவிட்டேன். பதிலைக் காகிதத்தில் எழுது, இருவரும் படிப்போம்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டினதை மறந்துபோன
அப்பா