சந்திச் சுவரில் உன் அப்பா முகம்

எனுகு,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

என் அன்பு மகன் ஒபியாஜுலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் நுவாகாவும் பிள்ளைகள் இருவரும் அந்த வின்னிபெக் பனியில் சளி, காய்ச்சல் அண்டாமல் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். இருவரும் என்று எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள். உன் அப்பா இப்போது பின்பக்கம் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருக்கிறார், தோலை ஊதி ஊதி நான் பெருக்கிய இடத்தையெல்லாம் குப்பையாக்குகிறார். நீ என் போனை எடுப்பதில்லை. குரல் பதிந்து அனுப்பினால் அதையும் கேட்பதில்லை. கோபம் நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மருந்துக்கடை அனேகேயின் மகள் உன் ஊருக்கே படிக்கப் போகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் எழுதினால் பாதியில் துண்டித்துவிட மாட்டாய் என்று ஒரு நப்பாசை. முழுக்கப் படி, அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல், வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பாவுக்குப் புதுப் படத்தில் ஒரு நல்ல வேஷம் கிடைத்தது. இத்தனை வருஷமும் மந்திரவாதி, தம்பி நிலத்தைப் பிடுங்கும் பெரியப்பன், கள்ளுக்கடைக் குடிகாரன், குழியிலிருந்து எழுந்து வரும் பேய், இவைதானே அவருக்கு வாய்த்தவை. அந்த நீளத் தலையையும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று பிதுங்கி நிற்கும் கண்களையும், உதட்டுக்குள் அடங்காத பல்லையும் பார்த்த எந்த இயக்குநருக்கும் இவரை நல்லவராக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தத் தடவை ஊரே மதிக்கும் தலைவர் வேஷம். ஆனால் பாதிப் படத்திலேயே செத்துப்போகிறார், மிச்சமெல்லாம் சொத்துச் சண்டை. "இப்பத்தான் நல்லவனாக்குனானுங்க, அதுக்குள்ள கொன்னும் போட்டானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நம் தெருச் சந்தியில் டிரான்ஸ்பார்மர் சுவர் முழுக்கக் படக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள், தலைவருக்குரிய சிவப்புத் தொப்பி போட்ட உன் அப்பா முகம் ஆள் உயரத்துக்கு. கீழே பொடி எழுத்தில் படத்தில் வரும் தலைவரின் பெயர். முந்தின வாரம் வியாழக்கிழமை மழையில் தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தக் காட்சியைச் சட்டென்று எடுத்துவிட்டு, அடக்கக் காட்சிக்காக எல்லோரையும் வேனில் ஏற்றி உடி பக்கம் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போன் எடுக்காது. போஸ்டரைக் கிழிக்க ஒருவனுக்கும் நினைவில்லை. அந்த முகம் அங்கே இருக்கும்போது கீழே உள்ள பெயரை யார் படிப்பார்கள் சொல்லு, இந்த நாட்டிலேயே அந்த முகம் ஒன்றுதானே இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் நான் கடைக்குக் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தேன். துணிக்கடைக்காரி, அதுதான் உகோன்னாவின் அம்மா, தலைத்துணி அவிழ்ந்து விழ அலறிக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போஸ்டரைப் பார்த்துவிட்டாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது மகனே. அடி பைத்தியமே, அவர் படப்பிடிப்பில் இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவள், "ஐயோ, அந்த மூஞ்சிய இனி நான் எங்கடி போய்ப் பாப்பேன்! அழகான ஆம்பளைங்க ஆயிரம் பேரு வரானுங்க, போறானுங்க, ஒருத்தன் பேராவது நெனப்பிருக்கா? உம் புருஷன் டிவியில வந்து நின்னா அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காருவேனே!" என்று கதறினாள். வாய் வரை வந்த வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன். இதே உகோன்னாவின் அம்மாதான் நான் உன்னை வயிற்றில் சுமந்தபோது, "புருஷன் மூஞ்சிய ரொம்ப உத்துப் பாக்காத, புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்று சந்தையில் எல்லோர் எதிரிலும் சொன்னவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பற்றி என் காதில் விழுந்ததெல்லாம் கேலிதான். நானும் கூடச் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டேன், சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்பார்கள். இன்னும் ஒரு வாய் கேட்டுக்கொள்கிறேன், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

இழவு வீட்டுக்கு யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதில்லையே. நாற்காலிகள் தாமாக வந்தன, வீட்டுச் சொந்தக்காரர் தார்ப்பாய் கட்டினார், யாரோ குளிர்பானப் பெட்டிகளை இறக்கினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் செத்துப்போனார் என்று என் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அழுதேன், நிஜமாகவே அழுதேன், அந்த அழுகைதான் அவர்களை நம்பவைத்தது. ஆகவே பொய் சொல்லவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அவர்கள் சொன்னதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சர் கடைக்காரர், தம்பி நிலத்தைப் பிடுங்குகிற படத்தைப் பற்றிப் பேசினார். "நிலத்த எழுதி வாங்கிட்டு வந்து சாப்பிட உக்காருவாரே, கிழங்கு உருண்டைய வாயில வெச்சிட்டு மெல்லவே மாட்டாரு. அப்படியே வெச்சிருப்பாரு. ஒரு பேச்சு இல்ல. அதப் பாத்த மறுநாளே எங்க அண்ணி வீட்டு வாசல்ல போயி நின்னேன், ரெண்டு வருஷமா பேசாம இருந்தவன் நான்" என்றார். அதே படம் வந்த சமயம் உன் அப்பாவைச் சந்தையில் குடையால் அடித்தாளே ஒரு அம்மாள், அவளும் வந்திருந்தாள். "நாலு அடி வெச்சேன். அவரு தடுக்கல. அடிங்கம்மா, ஆனா குடைய ஒடச்சிடாதீங்க, மழை வரப்போவுதுன்னாரு. வீட்டுக்குப் போயி வெக்கத்துல அழுதேன்" என்று சொல்லி மறுபடியும் அழுதாள். இது எனக்கே தெரியாது, அன்றைக்கு நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று என்னிடம் கதைவிட்டிருந்தார். பிறகு நம் கோயில் உபதேசியார், அவர் சினிமாவே பார்க்காதவர் என்று நினைத்திருந்தேன், டிவி தொடரில் உன் அப்பா செய்த கேட் காவலாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வாரா வாரம் கேட்டைத் திறப்பார், மூடுவார், அவ்வளவுதான் வேஷம். முதலாளியின் தாயார் உடல் வண்டியில் வெளியே போகிற அன்றைக்குக் கேட்டைத் திறந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார், கழற்றிய தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை தடுமாறும். "வேலைக்காரன் துக்கத்துக்கு அந்த வீட்டுல எடமே இல்லன்னு அந்தக் கை சொல்லிச்சும்மா. நான் எத்தனையோ பிரசங்கம் வெச்சிருக்கேன், அப்படி ஒண்ணு வெச்சதில்ல" என்றார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே என் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. என் காதில் விழுந்தது ஒபி. உபதேசியார் முடிக்கட்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. லாகோசில் உன் சித்தப்பா மகனுக்கு எவனோ அந்தப் போஸ்டரைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்றும், அவன் உன்னை எழுப்பிச் சொல்லிவிட்டான் என்றும், அங்கே விடியாத இருட்டில் நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடியிருப்பேன். ஆனால் அடிப்பது யார் என்று ஒரு தாய் எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டாமா, அதைத்தான் நினைத்து நினைத்துத் தூக்கம் வராமல் புரள்கிறேன். என் புருஷனின் பெருமையைக் கேட்கிற ஆசையில் என் பிள்ளையைத் தவிக்கவிட்டேன்.

மத்தியானம் உன் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். சவப்பெட்டியில் படுத்து எழுந்தால் உயிருள்ள சேவல் ஒன்றைக் கையில் வாங்காமல் வீடு திரும்ப மாட்டேன் என்பது அவருடைய பழைய நிபந்தனை, உனக்குத் தெரியும். அந்தக் கிராமத்தில் தண்ணீர் இல்லை என்று பிண மேக்கப்பைக்கூடக் கழுவாமல், முகமெல்லாம் வெள்ளை மாவும், மூக்கில் பஞ்சும், கக்கத்தில் சேவலுமாக வந்தார். முதலில் பார்த்த பஞ்சர் கடைக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். உகோன்னாவின் அம்மா அந்த உடம்பை வைத்துக்கொண்டு பெஞ்சைத் தாண்டினாள். நான் சிரித்திருப்பேன், உன் அப்பாவைப் பார்த்திருக்காவிட்டால். பந்தலையும் நாற்காலியையும் அழுகிற பெண்களையும் பார்த்தவர், நான் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார். சேவலைக் கீழே போட்டுவிட்டு, "பிலோ! பிலோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார், செருப்பு ஒரு பக்கம் போனது, வெள்ளை மாவில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அவர் எத்தனையோ படத்தில் எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறார், அப்படி ஒரு முகம் எதிலும் காட்டியதில்லை. நான் எழுந்து நின்றேன். என்னைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, யாருடி செத்தது?" என்றார். நீங்கதான் என்றேன்.

மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக முடிந்தது. உடனே சிரிப்பு, கைதட்டல், குளிர்பானம் உடைத்தார்கள். "சாவு கிட்ட வந்து ஒம் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பி ஓடிருக்கும்யா" என்றார் பஞ்சர் கடைக்காரர். "இந்தப் பல்ல வெச்சிக்கிட்டு மோட்சத்துக்குப் போனா கேட்டத் தெறப்பாங்களா?" என்று உகோன்னாவின் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அரை மணி முன்னால் அழுதவர்கள், அவர் எதிரில் வந்து நின்றதும் ஒருவருக்கும் அந்த வார்த்தைகள் வாயில் வரவில்லை. எல்லோரும் போன பிறகு அவரை உட்காரவைத்து, முகத்தை நானே துடைத்துவிட்டு, நடந்ததையும் அவர்கள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் தெரிந்தே சும்மா இருந்ததையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். அப்புறம், "தொப்பிய எங்க வெக்கிறதுன்னு எனக்கு நெசமாவே தெரியலடி, அதப் போயி அந்த மனுஷன் கவனிச்சிருக்காரே" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன், உன்னைக் கூப்பிட்டேன். கடைக்குப் போயிருந்தேன், எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நீ நம்பியிருப்பாய். உன் அழுகைக் குரலைக் கேட்டுக்கொண்டு இன்னொரு பொய்யைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னேன், நீ வைத்துவிட்டாய். அதிலிருந்து நுவாகாதான் பேசுகிறாள். நீ காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாயாம். சின்னவள் வந்து, "தாத்தா படத்துல செத்தாரா, நெசமாவா?" என்று கேட்டாளாம். அந்தக் குழந்தைக்குத் தோன்றியது உங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று சொல்ல நினைத்தேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நீ அப்படி அழுததை உன் அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "அவனா? எனக்காகவா?" என்று கேட்டார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெற்றோர் தினத்துக்கு அப்பா வேண்டாம், அம்மா மட்டும் வந்தால் போதும் என்று சொன்னதை அவர் ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை. சின்னப் பையன், கூடப் படிக்கிறவன்கள் கிண்டல் செய்வான்கள், எனக்குத் தெரியாதா என்பார். ஆனால் அன்றைக்கு, என்ன சொல்லி அழுதான், என்ன சொல்லி அழுதான் என்று என்னைத் துளைத்தெடுத்துவிட்டார். அப்பா, அப்பா என்றுதான் என்று சொன்னேன். எழுந்து பின்பக்கம் போனார், சேவலுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, மேக்கப் மாவு விழுந்துவிட்டது என்றார். முகம் கழுவி வெகுநேரம் ஆகியிருந்தது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீ அன்றைக்கே விமான டிக்கெட் வாங்கிவிட்டாயாம், முதலாளி உடனே மூன்று வாரம் லீவு கொடுத்துவிட்டாராம், இப்போது இரண்டையும் திருப்பிக் கொடுக்கப்போகிறாய் என்று நுவாகா சொன்னாள். ஒன்பது வருஷமாக லீவு இல்லை அம்மா, லீவு இல்லை அம்மா என்று நீ சொன்னபோதெல்லாம் நான் சரி என்றேன், குறை சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. உன்னை அழவைத்தவள் உன்னை வா என்று கூப்பிடுவதற்கு என்ன முகம் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அவரைப் புதைக்க வாங்கிய டிக்கெட்டில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வா. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே, பரிமாறிவிட்டு நான் உள்ளே போய்விடுகிறேன். அந்தச் சனத்துக்கு அவர் இருக்கும்போது சொல்ல வாய் வரவில்லை, உனக்காவது வரட்டும்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், பிள்ளைகள் இருவருக்கும் என் முத்தம், நுவாகாவுக்கு என் ஆசி. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ அன்றைக்கே பெட்டி கட்டி, அடியில் அடக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு ஒன்றை வைத்தாய் என்றும் அவள் சொன்னாள். பெட்டி அப்படியே இருக்கட்டும், பிரிக்காதே. கோட்டை மட்டும் வெளியே எடுத்துவிடு.

உன்னைப் பெற்ற, உன் மன்னிப்புக்குக் காத்திருக்கிற,
அம்மா பிலோமினா