பாப்பாவைக் காட்டு

மரியே வாழ்க

கடலூர் முதுநகர்

அன்பு மகன் லியோவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் ஆண்டவர் அருளால் சுகம், அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்து மறுபடி துறைமுகத்துக்குப் போய்வருகிறார். நீயும் சுகமாக இருக்க வேண்டும், கோபமாக எழுதினாலும் அந்த வேண்டுதலில் குறையில்லை. போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பாப்பாவைப் பற்றிக் கேட்கிறாய், நானும் உருகிப்போய்ச் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும் உன் நண்பன் மணவாளனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் எதுவும் பேசாதே, இது நம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பாப்பாவின் ஞானஸ்நான ஆல்பம் போன வாரம்தான் வந்தது. மதியம் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் விரித்துப் பார்த்தேன். நீ பாப்பாவோடு, நான் பாப்பாவோடு, சம்பந்தி வீட்டார் பாப்பாவோடு, அப்புறம் கேக். புருஷன் பெண்டாட்டியாக நீயும் இசைவாணியும் மட்டும் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. போட்டோக்காரர் கலைமணிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "நான் என்னக்கா பண்றது, நாலு தடவ கூப்ட்டேன், தம்பி வந்தா அந்தப் பொண்ணு பால் குடுக்கப் போயிடுது, அது வந்தா தம்பி கொழந்தையத் தூக்கிக்கினு வெளிய போயிடறாரு, வேணும்னா ரெண்டு படத்த ஒட்டித் தரேன்" என்றார். ஒட்டித் தருகிறாராம். வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அப்பா பால் சுறா வாங்கித் தந்திருந்தார், அங்கேயே புட்டு செய்து சூடாக இசைவாணி தட்டில் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது எனக்கா அத்த, பாப்பாவுக்கா" என்று கேட்டாள். உனக்குத்தான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பால் ஊறட்டும்னு எங்கம்மா பூண்டு குடுக்கறாங்க, நீங்க சுறா குடுக்கறீங்க, அவரு போன்ல பால் பத்துதான்னு கேக்கறாரு, எனக்குச் சுறா புடிக்காதுன்னு யாருக்காச்சும் தெரியுமா" என்றாள். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், இல்லையா? அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். அவள் வாயைத் திறப்பதற்குள் பாப்பாவைக் காட்டு என்றாய். இருபது நிமிடம் ஸ்டாண்டு மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் நீ, "கொஞ்சம் எறக்கிப் புடி, மொகம் தெரியல" என்று வேறு சொன்னாய். அவள் போனை அடுத்த கைக்கு மாற்றி இறக்கிப் பிடித்தாள். பாப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது லியோ.

மே கடைசிக்கு அவளுக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறாய். அவள் வரப்போவதில்லை. சிதம்பரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூனில் கணக்கு டீச்சராகச் சேருகிறேன் என்று சொல்லிவிட்டாள். "கோவமெல்லாம் இல்ல அத்த, அங்க வந்தும் பாப்பாவக் காட்டிக்கினுதான் நிக்கப்போறேன், அதுக்கு இங்கயே இருந்துடறேன்" என்றாள். கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த நம்பிக்கையை மீறித்தான் எழுதுகிறேன்.

உன்னை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மூன்றாம் மாதமே உன்னிடம் அனுப்பிவைக்கிறோம் என்ற சம்பந்தியம்மாவிடம், பாப்பாவுக்குக் கழுத்து நிற்கட்டும், தவழட்டும் என்று ஒன்பது மாதத்துக்கு இழுத்தது நான்தான். இசைவாணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் பையன் தூங்கிட்டானா என்பார், அதோடு என்னிடம் பேச்சு முடிந்துவிடும். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. நான் புத்தகம் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். படிப்பில் ஆசை என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது.

வருகிற ஞாயிறு நம் நேரம் பத்து மணிக்கு நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் மாதா கோயிலில் பூசைக்குப் போய்விடுவேன். அப்போது இசைவாணியைக் கூப்பிடு. வேலையைப் பற்றி அவளாகச் சொல்லட்டும், சொன்னால் உடனே வேண்டாம் என்று ஆரம்பிக்காதே. நீளமாக மன்னிப்பும் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டாய், எது பிடிக்காமல் சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திரு.

மாதா உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ கூப்பிட்டதும் அவள் பழக்கத்தில் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். பாப்பா என்னிடம் இருப்பாள், உனக்கு வெறும் தொட்டில்தான் தெரியும். போனைத் தன் பக்கம் திருப்பச் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜோதி மேரி