ஆறாம் நம்பர் ஃபில்டர் பானை

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நல்ல பனி. எட்டு மணிக்கு மேல்தான் உப்பளம் கண்ணில் பட்டது. இன்றைய வேலை: சூளையிலிருந்து வந்த ஆறு ஃபில்டர் பானைக்கும் வெள்ளிக் கரைசல் பூசுவது. உள்ளே, வெளியே, விளிம்பு. நானும் எங்கள் மகளிர் குழு ஸ்டெல்லாவும், ஆளுக்கு மூன்று. களிமண்ணோடு கலந்த உமி எரிந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தண்ணீர் அந்த வழியாகச் சொட்டும். தப்பி வருகிற கிருமியை வெள்ளி பார்த்துக்கொள்ளும். பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான். மரக்காணத்தில் இதை என் வாயால் கேட்காத ஆள் பாக்கி இல்லை.

நாத்தனார் முனியம்மா அண்ணி எட்டிப் பார்த்தாள். "கொலுசுக்கு வெள்ளி இல்லாத வீட்ல பானைக்கு வெள்ளி பூசுறா பாரு." எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். போன வருஷம் அளத்து டிரம் தண்ணீரைக் குடித்து, வாந்தி பேதியாகி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து அந்த டிரம் பக்கம் போவதில்லை. வீட்டுப் பாட்டில் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிடும். பிறகு மத்தியானம் வரை அந்த வெயிலில் வறண்ட வாய். ராத்திரி நீர்க்கடுப்பு என்று முனகுகிறாள். எனக்கு இந்தப் பானை அவளுக்காகத்தான். சொன்னால் கிண்டல் செய்வாள்.

பிப்ரவரி 11, புதன்

அளத்து ஓனர் வந்தார். ஆறு வீட்டில் வைத்துப் பார்ப்பதாம். ஆறு சோதனை பாட்டிலும் கறுக்காமல் இருந்தால் அளத்துக் கொட்டகைகளுக்குப் பானை. "ஒண்ணு கறுத்தாலும் வேணாம்மா. அப்புறம் எவனாவது வாந்தி எடுத்தா என் தலையில வுழும்." நியாயம்தான். "ஒண்ணு கூட கறுக்காது, எழுதி வெச்சுக்கங்க" என்றேன். வாய்க்கொழுப்பு.

பானைகள் கொடுத்தாயிற்று. ஆறாம் நம்பர் என் வீட்டுக்கு.

வாங்க: குழாய் வாஷர் 2, மூடித் துணி, வெங்காயம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முந்தாநாள் எல்லா வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தோம். கிருமி இருந்தால் கறுத்துவிடும். ஸ்டெல்லா சர்ச் முடிந்து வந்ததும் பார்த்தோம். ஐந்து தெளிவு. ஒன்று மை மாதிரி.

ஆறாம் நம்பர். என் வீடு.

ஊரெல்லாம் பேசிய வாய்க்கு இன்று பூட்டு. ஓனரிடம் ஸ்டெல்லாதான் பேசினாள். "ஒரு வாரம் குடுங்கண்ணா. என்ன தப்புன்னு பாத்துடறோம்." அடுத்த ஞாயிறு வரை என்றார். சாயங்காலம் அழுதேன். மீன் குழம்பு வைத்தும் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்றே பானை உட்காரும் வாளி, அதன் குழாய் எல்லாம் வெந்நீரில் போட்டாயிற்று. பானையின் அடியில் சொட்டுவதை நேராகவே பாட்டிலில் பிடித்தோம். இன்று பார்த்தால் அதுவும் கறுப்பு. ஆக, கோளாறு பானையில்தான்.

ஸ்டெல்லா கேட்டாள்: "நீ இத எப்படிடி கழுவுன?"

"எப்பவும் போலத்தான்."

சொல்லும்போதே உறைத்தது. எப்பவும் போல என்றால் தேங்காய் நாரும் ஒரு கை கல்லுப்பும். மீன் சட்டி, குடம், பாட்டில், எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான். இந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்? மண் வாசனை போகட்டும் என்று பானை வந்த அன்றே மூன்று தடவை தேய்த்தேன்.

பயிற்சி கொடுத்த சாருக்கு போன். "நார் போட்டா பூச்சு உரிஞ்சிடும்மா. உப்பும் சேந்தா கேக்கவே வேணாம். மெத்துன பிரஷ், வெறும் தண்ணி, அவ்ளோதான். யாரு அப்படி பண்ணது?" தெரிந்தவர்கள் என்றேன். பொய்.

பானை மேல் குற்றம் இல்லை. நான்தான். என் தப்பு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18, புதன்

குழுப் பெண்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அண்ணி விடவில்லை. "ஊருக்கே கிளாஸ் எடுத்தியே, உனக்கு யாரு எடுக்கறது?" வாங்கிக்கொண்டேன். ஆறாம் நம்பருக்குப் புதுப் பூச்சு. நிழலில் காய்கிறது. எல்லா மூடியிலும் பெயின்டில் எழுதினோம்: உப்பு போட்டுத் தேய்க்காதே. "கீழ உன் பேர போடட்டா?" என்றாள் ஸ்டெல்லா.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆறும் தெளிவு. ஆறும்!

பாட்டில்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, சீர் கொண்டு போவது போல ஓனர் வீட்டுக்கு நடந்தோம். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆறாம் நம்பரை இரண்டு தடவை. "சரிம்மா. மூணு கொட்டகைக்கும் வைங்க."

ஜெயித்துவிட்டோம். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ஜெயித்துவிட்டோம்.

பிப்ரவரி 26, வியாழன்

கடல் காற்றே இல்லை. பத்து மணிக்கே அனல். முதல் கொட்டகையில் பானை வைத்தாயிற்று. உப்பு வாருவதை நிறுத்திவிட்டுப் பெண்கள் வரிசையாக வந்து குடித்தார்கள். அண்ணி மட்டும் தள்ளி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகு வந்தாள். டம்ளரை மோந்து பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று. மூன்றாவது.

"உப்பு கரிக்குதேடி."

"அது போவாது அண்ணி. கிருமிதான் போவும்."

"அப்ப சரி. ஊத்து."