நிற்காத லிஃப்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் லிஃப்டை நிற்க விடுகிறவனுக்குத்தான் நல்ல பெயர்.

என் பொறுப்பில் பதினெட்டுக் கட்டிடங்கள். இரண்டு வருடமாக ஒருவர்கூட நடுவில் மாட்டிக்கொள்ளவில்லை. கதவு உருளையில் சத்தம் மாறினாலே நான் மாற்றிவிடுவேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன் இருக்கிறான். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, அதனால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. அவன் கட்டிடங்களில் வாரத்துக்கு இரண்டு லிஃப்டாவது நிற்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுப்பான். அவர்கள் மேலாளருக்கு போன் செய்து அவனைப் புகழ்வார்கள்.

என்னை யார் புகழ்வது? மாட்டிக்கொள்ளாதவர்களா?

மார்ச் 7, வெள்ளி

மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்துவிட்டேன். மாப்பிள்ளையும் போட்டிருக்கிறான். இது போனால் அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "உங்க மேலாளருக்கு உன் மூஞ்சி தெரியுமாடா?"

தெரியும் என்றேன். இரண்டு தடவை வேறு யாரோ பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

மோட்டார் அறையில் நாலு மணி நேரம். நகக்கண் வரை கிரீஸ்.

மார்ச் 19, புதன்

நேர்காணல். மேலாளர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு வருஷத்துல பதினோரு வேலைதான் முடிச்சிருக்கீங்க தம்பி. மாப்பிள்ளை இருநூத்தி முப்பது."

புரியவே கொஞ்ச நேரம் ஆனது. யாராவது புகார் கொடுத்தால் ஓர் எண் விழும். அந்த எண்ணை முடித்தால்தான் வேலை செய்ததாகக் கணக்கு. புகார் வருமுன் நான் மாற்றியதெல்லாம் எண் இல்லாதது, அதாவது நடக்காதது. மாதாந்திரப் படிவத்திலாவது எழுதினேனா? பதினெட்டுக் கட்டிடம், இருபத்துநாலு மாதம், ஒரே சொல் — சரி, சரி, சரி. எவனும் படிக்காத தாளில் எதற்குக் கதை என்று நினைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

என் லிஃப்டுகள் நிற்கவில்லையே சார் என்றேன்.

"நல்ல மெஷின் போல," என்றார்.

மார்ச் 20, வியாழன்

நல்ல மெஷினாம்.

மார்ச் 28, வெள்ளி

மாப்பிள்ளைதான் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். என் தோளில் கை போட்டு, "நான் பல்பு மாத்தினாக்கூட போட்டோ அனுப்புவேன் மச்சான். நீ வாயத் தொறக்க மாட்டேங்கிற," என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிகிறது.

இன்னொன்றும் சொன்னான். அவன் கட்டிடங்கள் இனி எனக்காம். நான் போனால்தான் அங்கே லிஃப்ட் நிற்காது என்று மேலாளரே சொன்னாராம்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினாரா? தெரிஞ்சேதானா?

ஏப்ரல் 9, புதன்

மாப்பிள்ளை விட்டுப்போன பன்னிரண்டு மாடிக் கட்டிடம். பிரேக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருக்கிறது. லிஃப்ட் தளத்துக்கு நாலு விரல் கீழே இறங்கி நிற்கிறது. குடியிருப்பவர்கள் காலைத் தூக்கி வைத்துப் பழகிவிட்டார்கள், புகார் இல்லை.

புதுக் கட்டை என் வண்டியில் இருக்கிறது. முன்பென்றால் மாற்றிவிட்டு 'சரி' எழுதிப் போயிருப்பேன். இன்றும் கை அதற்குத்தான் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டு புகார் மேசைக்கு போன் செய்தேன். ஓடுகிற லிஃப்டுக்கு எண் போட முடியாது, மேற்பார்வையாளரைக் கேளுங்கள் என்றாள் அங்கிருந்த பெண். அவனைக் கூப்பிட்டேன்.

"சத்தமில்லாம மாத்திட்டு வந்துடு மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "என் காலத்துத் தேய்மானம் இப்ப வெளிய வரணுமா?"

லிஃப்ட் பெட்டி காலியாகக் கீழே வரும்வரை காத்திருந்து மெயின் சுவிட்சை இறக்கினேன். கை நிறையப் பைகளோடு ஒரு அம்மா என்னைத் திட்டிக்கொண்டே படியேறினார். மனசு கேட்கவில்லை. ஆனாலும் இதை ஓட விட முடியாது.

தேய்ந்த கட்டையைப் போட்டோ எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். நான் அனுப்பும் முதல் போட்டோ. கீழே எழுதினேன்: 'நான்தான் நிறுத்தினேன். இதுக்கு நம்பர் குடுங்க. ரெண்டு வருஷமா நிக்காம ஓடினதுக்கும் குடுங்க.'

மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மேலாளர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. புதுக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.