ரிப்பேர்க்காரன் எங்கே போனான்

என் தங்கையின் வாழ்வாயிருந்த மாப்பிள்ளை,

அவையோரை விளித்தே பழகிய நாக்கு இது. உங்களை விளிக்கையில் மட்டும் இடறுகிறது. "மாப்பிள்ளை" என்று எழுதிவிட்டு, "சொல்லுங்க மச்சான்" என்று நீங்கள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?

தங்கை கனியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது போலவே வாரத்துக்கு இருமுறை செம்பூர் மருத்துவமனையில் அவள் குருதியை இயந்திரத்தில் ஏற்றித் தூய்மை செய்கிறார்கள். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் கட்டிலருகே அமர்ந்து, விண்வெளி வீரர்களின் ஆங்கிலப் படக்கதைகளைத் தாள் தாளாகக் காட்டித் தமிழில் சொல்வீர்கள். கதைக்காகத்தான் அவள் வந்தாள். நீங்கள் மறைந்த பிறகு, "இனி எதுக்குண்ணே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். போகாவிட்டால் மூச்சு முட்டி மாள்வாள் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ஆகவே படக்கதையை நான் கையில் எடுத்தேன். கதை கேட்கலாம் என்று கெஞ்சி அழைத்துப் போனேன்.

உங்கள் ரயில் பாஸ் இருபத்தேழாம் இதழின் முதல் தாளில் செருகியிருந்தது. அங்கிருந்து தொடங்கினேன். "பேரண்டப் பெருவெளியில், இருளைக் கிழித்துப் பாய்ந்த விண்கலத்திலே" என்று குரலெடுத்தேன். அடுத்த கட்டிலில் கிடந்த பெரியவர் கண்ணைத் திறவாமலே, "அரே சாஹேப், மைக் பந்த் கரோ" என்று மைக்கை அணைக்கச் சொன்னார். கனி சிரித்தாள். நீங்கள் போன பின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மீட்டிங் பேசாதண்ணே. அவுக மஞ்சச் சட்டக்காரன், ரிப்பேர்க்காரன்னுதான் சொல்லுவாக. அப்படிச் சொல்லு."

மஞ்சள் சட்டைக்காரன் கதையின் தலைவன். ரிப்பேர்க்காரன் அவனுடைய விண்கலத்தைப் பழுது பார்ப்பவன். மாட்டுங்காவின் மாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்த்த நீங்கள், "அந்த ரிப்பேர்க்காரன் நாந்தான் கனி" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

இருபத்தேழின் முடிவில் விண்கலம் துளைபட்டுக் காற்று வெளியேறுகிறது. இருபத்தெட்டின் தொடக்கத்தில் எல்லாரும் ஏதோ ஒரு கோளில் அமர்ந்து விருந்து உண்கிறார்கள். எண் வரிசை சரியாய் இருக்கிறதே என்று நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனேன். ஊசி ஏறாத கையைத் தாளின் மேல் வைத்துக் கனி நிறுத்தினாள்.

"ரிப்பேர்க்காரன் எங்க?"

"உள்ளே எங்காவது இருப்பான், அம்மா."

"ஒரு படத்துலயும் காணலியே. எங்க போனான்? அதச் சொல்லிட்டு மேல போ. சொல்லாட்டா சனிக்கிழம நா வரமாட்டேன்."

வீம்பு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், வீம்பு இல்லை.

தாராவி வீட்டின் பரணிலிருந்து உங்கள் இதழ்க் கட்டுகளை எல்லாம் இறக்கினேன். என்ன வரிசை ஐயா இது? ஒரு தொடர் முப்பதை எட்டியதும் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். ஒன்றில் மாண்டவன் மற்றொன்றில் மாலையும் கழுத்துமாய் வருகிறான். முந்தியது எது, பிந்தியது எது? நூற்பாக்களை வரிசை பிறழாமல் ஒப்பித்து வளர்ந்தவன் நான். பொம்மைப் படங்களின் நடுவே தரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதேன்.

நீங்கள் வாங்கிய கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைக்கு ஓடினேன். "சார், நா கிலோவுல எடுத்து கட்டாக் குடுக்கேன். மொதல் எது கடைசி எதுன்னு எனக்கு என்ன மாலும்?" என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை மீண்டும் அந்த விருந்துப் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு சிறு கட்டம். நடந்ததை அறிய இன்ன தொடரின் நான்காம் இதழைக் காண்க என்று எறும்பளவு எழுத்தில் இருந்தது. உரையாசிரியர்கள் பிற நூலைச் சுட்டுவது போலத்தான். அட்டையில் வேறொரு வீராங்கனை இருந்ததால், தொடர்பில்லை என்று நான் ஒதுக்கி வைத்த தொடர் அது.

அதில் ரிப்பேர்க்காரன் கலத்துக்கு வெளியே போகிறான். வெளியிலிருந்து தகட்டை வைத்துத் துளையை அடைக்கிறான். திரும்பி உள்ளே வர வழியில்லை.

இது உங்களுக்குத் தெரியுமா, மாப்பிள்ளை? இதைப் பார்த்துவிட்டுத்தான் பாஸைச் செருகி, சொல்வதைத் தள்ளிப் போட்டீர்களா? யாரிடம் கேட்பேன்?

இரவோடிரவாக ஒரு பொய்யைப் புனைந்தேன். வேறொரு கோளில் வேலை கிடைத்து ரிப்பேர்க்காரன் போய்விட்டான் என்று. ரிப்பேர்க்காரனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லியே சனிக்கிழமை கனியை அழைத்துப் போனேன். நான் வாயைத் திறந்ததும் அவள் இதழை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் எதற்கு? படம் இருக்கிறதே.

"செத்துட்டானா?"

நாற்பது ஊர் மேடைகளில் முழங்கிய நான், இரவெல்லாம் புனைந்த பொய்யை விட்டுவிட்டேன். "ஆமா கனி" என்றேன்.

அவள் அழவில்லை. படத்தின் மேல் விரலை வைத்தபடி கிடந்தாள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓட்டைய அடச்சிட்டானா?"

"அடச்சிட்டான்."

"அப்பக் கப்பல் போவும். வாசி."

வாசித்தேன். குரலை உயர்த்தாமல், நீங்கள் வைத்த பெயர்களைச் சொல்லியே வாசித்தேன்.

ஆனால் கட்டுகள் தீரப் போகின்றன, மாப்பிள்ளை. கடைசி இதழின் மூலையில் இருக்கும் கட்டம், பரணிலேயே இல்லாத ஒரு தொடரைக் காட்டுகிறது. "இன்னும் இருக்கால்லா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நிறைய இருக்கிறது என்கிறேன். தாணேயிலோ மான்குர்திலோ பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் படிக்கும் எவர் வீட்டிலேனும் மஞ்சள் சட்டை போட்ட விண்வீரனின் பழைய இதழ்கள் கிடந்தால், கிழிந்திருந்தாலும் தாருங்கள். வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பேச்சுக்குக் கைதட்டிய கைகளிடம் இன்று கையேந்தி நிற்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. எவன் செத்தாலும் மறைக்க மாட்டேன். எந்த நாளும் ஓர் இதழின் கடைசித் தாளில் நிறுத்தவும் மாட்டேன். அடுத்ததைத் தொடங்கி, இரண்டு தாளாவது படித்து, நடுவில் உங்கள் பாஸைச் செருகித்தான் மூடுவேன். அதை எடுக்க அவள் மறுபடியும் வந்தாக வேண்டும்.

கனிக்கு அண்ணனாய்ப் பிறந்து,
உங்களுக்கு மச்சானாய் வாய்த்தவன்